விழுங்கச் சிரமம், எத்தனை நாளாக?

நான் ஆஸ்பத்திரிச் சமையல்காரி. நோயாளிகளுக்கான சமையலறையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றாலே வெளியில் இருப்பவர்களுக்கு முகம் கோணும். உப்பில்லை, உறைப்பில்லை, வாயில் வைக்க விளங்கவில்லை என்பார்கள். பாதி மயக்கத்தில் இருக்கிற, தொண்டையில் தையல் போட்ட ஒரு மனிதரை ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எங்கள் சமையலறையிலிருந்து ஒவ்வொரு தட்டோடும் ஓர் அட்டை போகும். வெள்ளை அட்டை என்றால் எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாடு. மஞ்சள் என்றால் குழைய வேகவைத்தது. முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். நீலம் என்றால் அரைத்தது. சிவப்பு என்றால் வடிகட்டியது, குடிக்கிற பதம். எந்தக் கட்டிலுக்கு எந்த நிறம் என்று டயட்டீஷியன் எழுதி அனுப்புவார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் நூற்று நாற்பது தட்டும் ஆறிப்போகும்.

இதையெல்லாம் எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வரக் கூடாது. தெரிந்தவள் செய்த பிழை இது.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வண்டியை வேகமாக ஓட்டுவார் என்பதால் அல்ல. அந்த விஷயத்தில் அவர் பரம சாது. சாப்பிடுகிற வேகத்துக்காக வைத்த பெயர் அது. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே பதினெட்டு நிமிடம் கிடைக்கும். அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, ஒதுங்கப் போய், இருக்கையில் வந்து உட்கார வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் எனக்குப் பரிமாறிக்கொண்டு உட்காரும்போது அவர் தட்டைக் கழுவப் போயிருப்பார்.

"யாராவது பின்னாடி துரத்துறாங்களா? மென்னு சாப்பிடுங்களேன்" என்று முப்பது வருடம் கத்தினேன். நெஞ்செரிச்சல் அவருக்குப் பழகின விருந்தாளி. எரிச்சலுக்கான மாத்திரைப் பட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பயணிகளின் குழந்தைகள் மிட்டாய் தின்பதுபோல இவர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் மெதுவாகச் சாப்பிட்டார். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கினார். ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து, நான் சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முப்பது வருடத்துக் கத்தலுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம். அவரைச் சீண்டக்கூடச் செய்தேன்.

"இன்னைக்கு எக்ஸ்பிரஸ் எல்லா ஸ்டாப்லயும் நிக்குது போல!"

அவர் சிரித்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த வாரத்திலிருந்து ரொட்டியின் ஓரத்தை நானே வெட்டிவிட்டு வைத்தேன். அவர் ஒதுக்கி வீணாக்குகிறாரே என்றுதான். பிறகு சோற்றை ஒரு கொதி கூடுதலாக விட்டேன். காய்களைப் பொடியாக நறுக்கினேன், குழைய விட்டேன். இறைச்சியைத் துண்டாகப் போடுவதை நிறுத்தி அரைத்து உருட்டினேன், பிறகு உருட்டாமலே குழம்பில் கலந்தேன். கேரட்டை மசித்தேன், சூப்பை வடிகட்டினேன். ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. தட்டில் எது மிஞ்சுகிறதோ அதை மறுநாள் இன்னும் கொஞ்சம் இளக்கினேன். அவர் தட்டு காலியாகத் திரும்பி வந்தால் என் மனம் நிறைந்தது. பத்தொன்பது வருடமாக நாங்கள் ஒரு வேலையை நன்றாகச் செய்தோமா என்று பார்ப்பது காலித் தட்டை வைத்துத்தான்.

நடுவில் ஒரு முறை அவர் பெல்ட்டை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டதைக் கவனித்தேன். உடனே கை தானாக வேலையில் இறங்கியது. மசியலில் வெண்ணெய், கஞ்சியில் பால் பவுடர், சூப்பில் முட்டை அடித்து ஊற்றல். கிண்ணத்தின் அளவு கூடாமல் அதற்குள் இரண்டு மடங்கு சத்தை ஏற்றுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஒன்றரை மாதத்தில் பெல்ட் பழைய துளைக்கே வந்தது. அதையும் ஒரு வெற்றியாக எண்ணிக்கொண்டேன்.

மகள் ஒரு முறை இரண்டு நாள் தங்க வந்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். அப்பாவின் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தாள்.

"ஏம்மா, அப்பா ஏன் குழந்தைச் சாப்பாடு சாப்பிடறாரு?"

"வயசானா பல்லு போகும். உனக்கும் போகும். வந்த ரெண்டு நாள்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்ண ஆரம்பிச்சுட்டே. போ, போய் உன் துணியை மடி."

எரிந்து விழுந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு அன்று வரை ஒரு பல்கூட விழவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று இப்போது கேட்டால், பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பயத்துக்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் தண்ணீர் சிக்கியது. வெறும் தண்ணீர். ஒரு வாய் குடித்தார், நெஞ்சில் கையை வைத்தார், கண்கள் கலங்கின, குடித்தது அப்படியே திரும்பி மேசைமேல் வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை கிளினிக் போனோம். இளவயது மருத்துவர், பொறுமையானவர். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"விழுங்கச் சிரமம் எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்" என்றார் என் கணவர். "அதுவும் எப்பவாவதுதான்."

"எடை குறைஞ்சிருக்கா?"

எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார்கள். ஓட்டுநர்களுக்கு வருடாவருடம் நடக்கும் உடல் தகுதிச் சோதனையில் போன வருடம் எழுதிய எடைக்கும் இதற்கும் அரைக் கிலோகூட வித்தியாசம் இல்லை. மருத்துவரின் முகம் இளகியது.

"ரொம்ப வருஷமா எரிச்சல் இருக்குன்னு சொல்றீங்க. அமிலம் மேல ஏறி உணவுக்குழாய் புண்ணாகியிருக்கலாம். எடையும் குறையல, ஒரு மாசம்தான் ஆகுது. ஆறு வாரம் இந்த மாத்திரை போடுங்க. கேக்கலைன்னா உள்ள கேமரா விட்டுப் பார்ப்போம்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ரொட்டி ஓரம் ஒதுங்கிய நாளிலிருந்து ஏழு மாதம். எடை குறையாததற்குக் காரணம் எது என்றும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். ஏழு மாதம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறீர்கள், ஏன் கூட்டி வரவில்லை என்றுதானே? கைப்பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனைவி மாதிரித் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு மன்னிப்பே கிடையாது. இதை நான் அழுது சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொல்கிறேன்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். அவர் நிம்மதியாக வேலைக்குப் போனார். நான் மூன்று நாள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தேன்.

நான்காம் நாள் சமையலறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது டயட்டீஷியன் உள்ளே வந்தார். ஜன்னலோரக் கட்டிலுக்கு நீல அட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பு வையுங்கள் என்றார். அந்தக் கட்டிலில் இருப்பவர் விட்டு விட்டு வந்து தங்குகிறவர், அவருக்கு நான் நாலைந்து முறை சமைத்திருக்கிறேன். முந்தின முறை அந்த மனிதர் வந்தபோது மஞ்சள். பத்தொன்பது வருடத்தில் கேட்காததை அன்று கேட்டேன்.

"அவருக்கு என்ன மேடம்?"

"உணவுக்குழாய்ல கேன்சர். ஏன், தெரிஞ்சவரா?"

"இல்ல... மஞ்சள், நீலம், சிவப்புன்னு படிப்படியா இறங்கிட்டே வர்றாரே, அதான்."

"அப்படித்தான் வரும். கட்டி வளர வளர வழி குறுகிட்டே போகும். முதல்ல ரொட்டி, கறி மாதிரி கெட்டியா இருக்கறது நிக்கும். அப்புறம் சோறு. அப்புறம் கஞ்சி. கடைசில தண்ணியே இறங்காது. சும்மா எரிச்சல், புண்ணுன்னா வலிக்கும், ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. இந்த மாதிரி வரிசை தப்பாம போகாது. ஜனங்க என்ன பண்றாங்க, சிக்குதுன்னா டாக்டர்கிட்ட போறதில்ல, சாப்பாட்டை மாத்திக்கிறாங்க. இவரும் அப்படித்தான், ரொம்ப நாள் கஞ்சியிலேயே ஓட்டியிருக்காரு."

அவர் போய்விட்டார். அந்த வரிசையை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. வீட்டில் ஏழு மாதமாக அதை ஒரு படிகூடப் பிசகாமல் சமைத்தவள் நான். அட்டைதான் வைக்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளினிக்குக்கு நடந்தேன். வரிசையில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து வழி விட்டார்கள். மருத்துவரிடம் மென்று விழுங்காமல் சொன்னேன்.

"டாக்டர், அன்னைக்கு அவர் சொன்ன ஒரு மாசம் தப்பு. ஏழு மாசம் ஆச்சு. எடை குறையாததுக்குக் காரணம் நான். வெண்ணெயும் பால் பவுடரும் கலந்து கொடுத்துட்டே இருந்தேன். ரொட்டி நின்னு போச்சு, சோறு நின்னு போச்சு, இப்ப அவர் சாப்பிடறது வடிகட்டினதுதான். அது அவருக்கே சரியா தெரியாது."

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"அன்னைக்கு ஏன்மா சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. போனை எடுத்து யாரிடமோ பேசினார், அவசரம் என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னார். நாளை மறுநாள் காலை எண்டோஸ்கோப்பி என்று தாளில் எழுதிக் கொடுத்தார். எழுந்தவள் வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அவருக்கு நீங்களே யோசிச்சுக் கூப்பிட்ட மாதிரி சொல்லிடுங்க டாக்டர். நான் வந்ததா சொல்ல வேண்டாம்."

எண்டோஸ்கோப்பி எங்கள் ஆஸ்பத்திரியில்தான், சமையலறைக்கு மேலே இரண்டாவது மாடியில். அவர் தொண்டைக்கு மரப்பு மருந்து அடித்து, பக்கவாட்டில் படுக்க வைத்துக் கேமராக் குழாயை இறக்கினார்கள். உணவுக்குழாய் இரைப்பையில் போய்ச் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே கட்டி. மெல்லிய குழாயே அதைத் தாண்டச் சிரமப்பட்டதாம். சதையில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. கேன்சர்தான். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருந்தால் அறுவை சிகிச்சை கிடையாது, நாட்களைக் கொஞ்சம் நீட்டிக்கத்தான் மருந்து என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஸ்கேன் முடிவுக்கு நான்கு நாள் காத்திருந்தோம். அந்த நான்கு நாளும் அவர் வழக்கம்போலச் செய்தித்தாள் படித்தார், சட்டைக்குப் பொத்தான் தைத்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கிளினிக்குக்குத் தனியாகப் போய் வந்ததை நானும் சொல்லவில்லை.

அறுவை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நறுக்கென்று பேசுகிறவர். எங்களை உட்கார வைத்து, கோப்பைப் புரட்டிவிட்டு, முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"எத்தனை நாளா விழுங்க முடியல?"

"ஒரு மாசம்... இப்ப ரெண்டு மாசம் ஆகப் போகுது டாக்டர்" என்றார் என் கணவர்.

"கட்டி உணவுக்குழாயோட சுவர் முழுக்கத் தாண்டியிருக்கு. இது ரெண்டு மாசத்துல வர்ற அளவு இல்லையே."

"உண்மையாத்தான் சொல்றேன். எனக்குச் சாப்பாடு நல்லாத்தான் இறங்கிட்டு இருந்துச்சு."

கிளினிக்கில் எழுதிய குறிப்பு அந்தக் கோப்பில் எங்காவது இருக்கும். மருத்துவர் இன்னும் இரண்டு தாள் புரட்டினால் அவரே கண்டுபிடித்துவிடுவார். புரட்ட வேண்டாம், நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதுகூடச் சொல்லாவிட்டால் இந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

"ஏழு மாசம் டாக்டர். இப்ப எட்டு. அவருக்கு இறங்கற மாதிரி நான் மாத்தி மாத்திக் கொடுத்துட்டு இருந்தேன். சாப்பாடு இறங்கல. நான்தான் இறக்கினேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது.

மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து ஒரு நீண்ட குழாய் வரைந்தார், அடியில் பை போல இரைப்பை, குழாய் முடியும் இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார். நோய் பக்கத்தில் இருக்கிற இரண்டு நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கிறது, கல்லீரல் சுத்தம், நுரையீரல் சுத்தம் என்றார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நான்கு முறை கீமோ. கட்டி சுருங்கினால் அறுவை சிகிச்சை. குழாயின் கீழ்ப்பகுதியையும் இரைப்பையின் மேல்பகுதியையும் எடுத்துவிட்டு, மிச்ச இரைப்பையைக் குழாய்போல் தைத்து மேலே இழுத்துச் சேர்ப்பார்களாம். பிறகு வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பாடு. குணமாகுமா என்று கேட்டேன். பத்துப் பேரில் நாலைந்து பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், அவர் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஏழு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"வாய்ப்பு இதைவிட நல்லா இருந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன். அதே சமயம் இந்த மாதிரி வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் எலும்பும் தோலுமா வருவாங்க, கீமோவைத் தாங்க உடம்பு இருக்காது. இவருக்கு இருக்கு. ரெண்டுமே உண்மை. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதே கை நிறைய இருந்தது.

வீட்டுக்குப் பேருந்தில் வந்தோம். பின்பக்க ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஓட்டியவர் இவருக்குத் தெரிந்தவர். கண்ணாடியில் பார்த்துக் கையை உயர்த்தினார், இவரும் உயர்த்தினார். மடியில் ஸ்கேன் உறை இருந்தது. நாலைந்து நிறுத்தம் கடந்தது. கத்தட்டும், எல்லோர் முன்னாலும் கத்தட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் நான் கத்தியிருக்கிறேன், ஒரு நாள் அவர் கத்தினால் குறைந்தா போய்விடுவேன்? கடைசியில் நானேதான் வாயைத் திறந்தேன்.

"உங்களுக்குத் தெரியாம செஞ்சது தப்புங்க. ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாம எங்க செஞ்சே?"

"என்ன?"

"ரொட்டி ஓரத்தை வெட்டினே. சோத்தைக் குழைச்சே. கறியை அரைச்சே. சாப்பிடறவனுக்குத் தெரியாதா? முதல் நாள்லேருந்து தெரியும். உள்ள ஏதோ நிக்குதுன்னும் தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீ ஆஸ்பத்திரிக்காரி. தினமும் நூறு நோயாளியைப் பாக்கறவ. பயப்படற மாதிரி ஒண்ணு இருந்தா நீ சும்மா இருப்பியா, தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பியேன்னு நினைச்சேன். நீ பேசாம அரைச்சுக் குடுத்துட்டே இருந்தே. சரி, அப்ப ஒண்ணும் இல்லைன்னு தைரியமா இருந்துட்டேன். டாக்டர்கிட்ட ஒரு மாசம்னு ஏன் சொன்னேன்? அன்னைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். நீ பயந்து போயிருந்தே. நீ பயந்ததே அந்த ஒரு மாசமாத்தான், அப்ப நோவும் அவ்வளவு நாள்தான்னு எடுத்துக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக மறுபடி திரும்பிக்கொண்டாள். நான் அவருக்குச் சமைத்த ஏழு மாதத்தில் ஒரே ஒரு நாள், என்னங்க, ஏன் ஓரத்தை ஒதுக்கறீங்க என்று கேட்டிருக்க வேண்டும். நான்கே வார்த்தை. நான் கேட்காமல் இருந்ததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கீமோ நடுவுல வாயெல்லாம் புண்ணாகுமாம். டாக்டர் ரூம் வாசல்ல இருந்த நர்ஸ் சொன்னாங்க. என்ன ஆனாலும் இனிமே கேளு. நானும் ஒளிக்காம சொல்றேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போதே கேட்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய், நாளைக்கு, சாப்பிடும்போது என்று தள்ளிப்போட்டால் மறுபடி பழைய கதைதான்.

"இப்ப... இந்த நிமிஷம் எப்படி இருக்கு? எச்சில் இறங்குதா?"

அவர் நெஞ்சின் நடுவில் கையை வைத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு முறை விழுங்கினார். ஒரு நிறுத்தம் கடந்தது. அவர் அவசரப்படாமல், உள்ளே நடப்பதைக் கவனித்துவிட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பாதிதான் இறங்குது" என்றார்.